அம்பாசிடர் இரும்பு, எர்டிகா தகரமா?

கேள்வி: 6 செப்டம்பர் 2025

வீட்டுல 1984 அம்பாசிடர் மார்க் 4 நிக்குது. பெட்ரோல், ஹேண்ட் கியர். மூணு வருஷமா ஸ்டார்ட் பண்ணல. வீட்டுல ஆறு பேர், அதுல ரெண்டு பேர் எழுபது தாண்டினவங்க. மாருதி எர்டிகா வாங்கலாம்னு பேச்சு ஓடுது. எனக்கு என்னமோ அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்ப வர்றது தகரம்னுதான் தோணுது. அம்பாசிடரையே ரெடி பண்ணி குடும்ப வண்டியா ஓட்டலாமா அண்ணே?

6 செப்டம்பர், இரவு

இரும்பா தகரமா என்று பேசுவதற்கு முன் எடையைப் பாருங்கள். அம்பாசிடர் 1,100 கிலோவைச் சற்றுத் தாண்டும். இப்போதைய எர்டிகா மாடலைப் பொறுத்து 1,150-லிருந்து 1,205 கிலோ வரை. தகரம்தான் கனம்.

மற்ற அளவுகளும் ஆச்சரியமாக ஒட்டிவரும், முதலில் அம்பாசிடர், அடுத்து எர்டிகா. நீளம் 4,325 மி.மீ., 2025 வரை வந்த எர்டிகாவுக்கு 4,395 மி.மீ. இன்ஜின் 1489 சி.சி., 1462 சி.சி. இரண்டிலும் நாலு சிலிண்டர். போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மி.மீ.க்கு 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9-க்கு 85. ரிம்கூட இரண்டுக்கும் 15 அங்குலம். பழையதும் புதியதும் இவ்வளவு நெருக்கமாக ஜோடி சேர்வது அபூர்வம். பலர் அம்பாசிடரை இனோவாவோடு ஒப்பிடுகிறார்கள், அது வேறு எடைப் பிரிவு.

ஏறக்குறைய ஒரே அளவு சிலிண்டரில் அங்கே 50 குதிரைத்திறனைச் சுற்றி, இங்கே 103. அங்கே சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பெட்ரோலைக் காற்றோடு கலக்க ஒரு கார்புரேட்டர், 4,200 ஆர்.பி.எம்.மைத் தாண்டினால் இன்ஜின் கெஞ்ச ஆரம்பிக்கும். இங்கே சிலிண்டருக்கு நாலு வால்வு, இரண்டு இன்ஜெக்டர், உச்ச சக்தி 6,000-இல் வருகிறது.

ஆறு பேர் அம்பாசிடரில் ஏறலாம். முன்னால் பெஞ்ச் சீட், கியர் ராடு ஸ்டியரிங் ஓரம், முன்னால் மூன்று பின்னால் மூன்று.

7 செப்டம்பர்

நேற்று எழுதிய கடைசி வரியை அடித்துவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் 5 என்றிருந்தால் டிரைவரோடு சேர்த்து ஐந்துதான். ஆறாவது ஆள் இருக்கும்போது விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். எர்டிகாவில் ஏழு. அம்பாசிடரில் கல்யாணத்துக்குப் போனவர்களை யாரும் எண்ணியதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது 'இரும்பு' பேச்சுக்கு வருகிறேன். அம்பாசிடரின் முன்பக்கத்தில் தட்டினால் கை வலிக்கும், எர்டிகா பானட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போகும். இதை வைத்துத்தான் எல்லாரும் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆனால் மோதலில் கேள்வி வண்டி நசுங்குகிறதா என்பதல்ல, உள்ளே இருக்கிற ஆள் எவ்வளவு தூரத்துக்குள் வேகம் குறைந்து நிற்கிறார் என்பது. கணக்காகவே போடலாம். 50 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 13.9 மீட்டர். முன்பக்கம் 60 செ.மீ. மடங்கி நின்றால் உடம்பின் மேல் விழும் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல் சுமார் 16 மடங்கு. 20 செ.மீ.தான் மடங்கும் என்றால் 49 மடங்கு. தூரங்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. விகிதம் மாறாது. மூன்றில் ஒரு பங்கு தூரம், மூன்று மடங்கு அடி.

இதோடு அம்பாசிடரின் ஸ்டியரிங் ராடு மடங்காத ஒற்றைக் குழாய். முன்பக்கம் பின்னால் தள்ளப்பட்டால் அது நேராக நெஞ்சுக்கு வரும். எர்டிகாவில் ஸ்டியரிங் கம்பம் மடிந்து போகும், பெல்ட் இழுத்துப் பிடிக்கும், ஏர்பேக் இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். 2019-லிருந்து எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம்.

அதற்காக எர்டிகாவைக் கோட்டை என்று நினைக்க வேண்டாம். 2019-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு காரை மோதவிட்டுப் பார்த்த சோதனையில் அதற்குக் கிடைத்தது 5-க்கு 3 நட்சத்திரம். அன்றைக்கு அது நல்லது என்று சொல்லலாம், பிரமாதம் என்று சொல்ல முடியாது.

7 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

'அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனி சேசி' என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸின் உடல், மோனோகாக். பாடிதான் சேசி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, தரைத் தகடு, முன் குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. ஆகையால் அதில் துரு என்பது அழகுப் பிரச்சினை கிடையாது.

9 செப்டம்பர்

எழுபது தாண்டியவர்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அம்பாசிடர் ஜெயிக்கும். கூரை உயரம், கதவு அகலம், சீட் நாற்காலி உயரத்தில். குனிந்து உள்ளே விழ வேண்டாம், பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தால் போதும். பின் சீட் ஸ்பிரிங்கும் பட்டை ஸ்பிரிங்கும் சேர்ந்து பள்ளத்தை மெதுவாகத் தூக்கிப் போடும். நடுவில் உட்காருபவருக்கு மட்டும் காலுக்கடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மேடு இடிக்கும்.

எர்டிகாவில் இரண்டாம் வரிசை பெரியவர்களுக்குப் பரவாயில்லை. மூன்றாம் வரிசையில் முழங்கால் மோவாயை நோக்கி வரும். அங்கே பிள்ளைகளைத்தான் உட்கார வைக்கலாம். ஏழு பேர் ஏறினால் டிக்கி 209 லிட்டர், இரண்டு சின்ன சூட்கேஸ். மூன்றாம் வரிசையை மடித்தால் 550. அம்பாசிடருக்கு வீல்பேஸ் 2,464, எர்டிகாவுக்கு 2,740. அந்த 276 மி.மீ.தான் மூன்றாம் வரிசை. அம்பாசிடரில் அந்த இடம் பின் அச்சுக்கு வெளியே டிக்கியாகத் தொங்குகிறது. மூட்டை முடிச்சுக்கு அது நல்லது, ஆளுக்கு இது நல்லது.

12 செப்டம்பர்

கேட்டவர் விடுவதாக இல்லை. 'ரெடி பண்ண முதல்ல எதைப் பார்க்கணும்?' பெயிண்டைப் பார்க்காதீர்கள். பட்டி வைத்து அடித்த பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பாகத்திலும் மட்கார்டு விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

பிறகு வண்டியைத் தூக்கி அடியில் போங்கள். ஜாக்கி மட்டும் போட்டு அடியில் போகக்கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும். கையில் பழைய ஸ்க்ரூ டிரைவர். முன் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) இரண்டும் நீளவாக்கில் பின்னால் ஓடி, முன் சீட்டுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிடித்திருக்கும். அந்தச் சட்டத்தைக் குத்திப் பாருங்கள். அடுத்து பட்டை ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், கதவுக்குக் கீழான பெட்டி, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கித் தரை. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் அது டிங்கரிங் வேலை. குறுக்குச் சட்டத்தில் போனால் இன்ஜினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் அது. மேலே தகட்டை வைத்து ஒட்டு வெல்டிங் போடுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டைத் தொடர் வெல்டிங்காக வைக்க வேண்டும். டார்ஷன் பாரின் முறுக்கம் முழுக்க அந்த இடத்தில்தான் நிற்கிறது.

வண்டியைத் தரையில் இறக்கி, சம தளத்தில் நிறுத்தி, இரு முன் மட்கார்டின் விளிம்பு உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பார் களைத்திருக்கும், அல்லது பிடித்த இடம் இளகியிருக்கும்.

13 செப்டம்பர்

மூன்று வருஷம் நின்ற இன்ஜினை நேராக செல்ஃப் அடிக்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியரில் வண்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சுழன்றால் பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக 20W-50 மினரல் ஊற்றுங்கள், ஃபில்டரோடு சுமார் 4 லிட்டர். எர்டிகாவுக்கான 0W-16 மாதிரி மெல்லிய ஆயிலை இதில் ஊற்றினால் பிரஷர் நிற்காது. இதன் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தட்டை டேப்பெட் மேல் தேய்ந்து ஓடுவது, அதற்குத் துத்தநாகச் சேர்க்கை நிறைய உள்ள ஆயில் வேண்டும். இன்றைய மெல்லிய ஆயில்களில் அது குறைவு.

செல்ஃபில் இரண்டு மூன்று தடவை சுற்றி ஆயில் பிரஷர் ஏறுகிறதா பார்த்துவிட்டு, கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கலாம். பிளக் நாலும் வெளியே, ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்தபடி. ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணும் மற்றதிலிருந்து 10, 15 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்வு. ஏறவில்லை என்றால் வால்வு.

13 செப்டம்பர், இரவு

வால்வு என்றதும் நினைவு வந்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நின்றுவிட்டது. இந்த வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு மூடும்போது வந்து உட்காரும் சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. அது போனபின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். வெளியே தெரியும் அறிகுறி விநோதமானது: டேப்பெட் சத்தம் குறையும். 'இன்ஜின் ஸ்மூத்தா ஆயிடுச்சு' என்று சந்தோஷப்படுவார்கள், உண்மையில் இடைவெளி மூடிக்கொண்டு வருகிறது. முழுதாக மூடினால் வால்வு எரியும்.

டேப்பெட் இடைவெளி 15 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. எட்டு வால்வுக்கும் ஒன்பது விதி: எந்த எண் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ அதை 9-இலிருந்து கழித்தால் வருவது இப்போது செட் பண்ண வேண்டிய வால்வு. 1 திறந்திருந்தால் 8, 3 திறந்திருந்தால் 6. 3,000 கி.மீ.க்கு ஒருமுறை பாருங்கள். எக்ஸாஸ்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டை இறக்கி கடினச் சீட் போட வேண்டியதுதான்.

எர்டிகாவில் இந்தப் பேச்சே இல்லை. சீட் கடினமானது, டைமிங் செயின். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், ஆயில் மாற்று, போ.

18 செப்டம்பர்

இ20 பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எர்டிகா அதற்கென்றே ஆனது. கொஞ்சம் மைலேஜ் குறையும், அவ்வளவுதான்.

அம்பாசிடருக்கு மூன்று தொல்லை. முதலாவது ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ் ஊறி, உப்பி, உள்ளே உரிந்து துணுக்காக வந்து கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை, அதாவது ஜெட்டை அடைக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பரையும் ஆர்9 ரக இன்ஜெக்ஷன் ஹோஸாக மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரமும் கார்க் கேஸ்கட்டும் அதே நேரத்தில். இரண்டாவது தண்ணீர். எத்தனால் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும், இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மூன்று வருஷம் நின்ற உங்கள் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஒரு சொட்டுகூட இன்ஜினுக்கு அனுப்பாதீர்கள்.

மூன்றாவது கலவை. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. இ20-க்கு ஏறத்தாழ 13.5. ஆகவே பழைய செட்டிங்கில் இன்ஜின் ஒல்லியாக எரியும்: வெப்பம் கூடும், இழுவை குறையும், ஆக்சிலேட்டர் விட்டால் சைலன்சரில் பட்டென்று அடிக்கும். எஸ்.யு. கார்புரேட்டர் என்றால் வைத்தியம் சுலபம். அடியிலுள்ள ஜெட் நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கட்டும். நட்டை ஒரு சுற்று இறக்கிவிட்டு, பக்கத்திலுள்ள சின்னக் குச்சி போன்ற பின்னை அழுத்தி, கார்புரேட்டர் பிஸ்டனை முக்கால் மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறி அணைந்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

19 செப்டம்பர்

மேலே 'ஒரு சுற்று' என்று எழுதிவிட்டேன். தப்பு. நட்டுக்கு ஆறு பக்கம், ஒரு தடவைக்கு ஒரு பக்கம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும். முழுச் சுற்று சுற்றினால் கரும்புகைதான். கார்புரேட்டரின் மேலே உள்ள டேஷ்பாட்டில் (பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் ஆயில் குழாய்) மெல்லிய இன்ஜின் ஆயில், எஸ்.ஏ.இ. 20. அது வற்றினால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஒரு நொடி விக்கும். பலர் இதைக் கரண்ட் கோளாறு என்று நினைத்து பாயிண்ட், காயில் எல்லாம் மாற்றுகிறார்கள்.

எஸ்.யு.வுக்குப் பதில் சோலெக்ஸ் கார்புரேட்டர் போட்ட வண்டி என்றால் இந்தப் பின் சோதனை செல்லாது. அதில் ஐடில் ஸ்க்ரூ ஐடிலை மட்டும்தான் சரிசெய்யும், ஓட்டத்தில் வரும் குறைவுக்கு மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாக மாற்ற வேண்டும்.

19 செப்டம்பர், சேர்க்கை

வெயிலில் வண்டி நின்றுவிட்டால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடலாமா என்று கேட்டவருக்கு: ஆமாம், அது வேலை செய்யும். சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் இன்ஜினிலுள்ள பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் காற்றை அடிக்கும். துணியை நனைத்துப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிஷம் விட்டால் ஆவி மறுபடி திரவமாகும். எத்தனால் கலந்தபின் இது அதிகமாயிருக்கிறது. நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் குழாயை மேனிபோல்டிலிருந்து (இன்ஜின் புகை வெளியேறும் சூடான குழாய்) தள்ளி வைத்து, நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை மறைப்பாகக் கட்டுவது.

24 செப்டம்பர்

ஒரே கோளாறை இரண்டு வண்டியிலும் எப்படிப் பிடிப்பது என்று எழுதினால் வித்தியாசம் விளங்கும். ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை, இன்ஜின் குலுங்குகிறது.

அம்பாசிடரில்: இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றுங்கள், பிளாஸ்டிக் பிடியுள்ள இடுக்கியால். கழற்றியதும் குலுங்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எதைக் கழற்றும்போது மாற்றமில்லையோ அதுதான் செத்தது. பிளக்கைக் கழற்றி இடைவெளி 25 தவு இருக்கிறதா பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் இல்லாமல் எல்லாமே தடுமாறினால் டெல்கோ (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைத் திறங்கள். அதற்குள் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 15 தவு. முகம் நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடாக இருந்தால் கண்டென்சர் போய்விட்டது. புதிய பாயிண்டை மட்டும் போட்டால் நூறு கிலோமீட்டரில் அதுவும் எரியும், ஆக இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். டாஷ்போர்டில் ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார், ஒரு செட் பாயிண்ட், ஒரு ஃபீலர் கேஜ் எப்போதும் இருக்கட்டும்.

எர்டிகாவில்: டாஷ்போர்டு அடியிலுள்ள ஓ.பி.டி. சொருகியில் (வண்டியின் கம்ப்யூட்டர் கோளாறைச் சொல்லும் இடம்) ஒரு மலிவு ஸ்கேனரை மாட்டிப் போனில் பாருங்கள். பி0302 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் இரண்டாம் சிலிண்டர். பிளக்குக்கு நேர் மேலே காயில், ஒரு போல்ட். இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி, அந்தக் குறியீட்டை அழித்து, பத்து நிமிஷம் ஓட்டுங்கள். பி0303 என்று மாறி வந்தால் காயில் குற்றம். மாறவில்லை என்றால் பிளக்கை அதேபோல் மாற்றுங்கள். அதிலும் மாறவில்லை என்றால் இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன். வயரிங் என்றால் முதலில் எலி. ராத்திரி சூட்டுக்கு பானட்டுக்குள் ஏறி ஒயரைக் கடிக்கும்.

இரண்டும் அரை மணி நேர வேலைதான். 'புது வண்டியில் நாமே எதுவும் பண்ண முடியாது' என்பதை நான் ஏற்பதில்லை. பண்ணலாம், ஆனால் கெட்ட பாகத்தைத் திறந்து பழுது பார்க்க முடியாது, முழுசாகப் புதிதுதான் வாங்க வேண்டும். அம்பாசிடரில் பாயிண்டை உப்புக்காகிதத்தால் தேய்த்தே வீடு வந்து சேரலாம்.

25 செப்டம்பர்

'ஏ.சி. வைக்க முடியாதா?' வைக்கலாம். ஆனால் கரண்டை எங்கிருந்து எடுப்பது? டைனமோ உள்ள வண்டியில் அதன் உச்சம் 22 ஆம்பியர், சுமார் 260 வாட். ஹெட்லைட்டை எச்4 பல்பாக மாற்றினாலே 110 வாட் போச்சு. வைப்பர், பிரேக் லைட், ஹாரன் சேர்த்தால் புளோயருக்கு மிச்சம் இல்லை. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது அந்த 22-ம் கிடைக்காது. முதலில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட வேண்டும். மார்க் 1, மார்க் 2 வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருப்பது) இருக்கலாம், அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடு அந்த நொடியே போகும். ரேடியேட்டரைப் புதுக் கோர் போட்டு, மின்விசிறி கூட்டி, அதற்குப் பிறகுதான் கம்ப்ரசர். 50 குதிரையில் ஏ.சி. சில குதிரைகளை எடுத்துக்கொள்ளும், மேம்பாலம் ஏறும்போது அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் வழக்கம் நம்மூரில் இருக்கிறதே, அது வைத்தியம் கிடையாது. இன்ஜின் குளிர்ந்தே ஓடி, ஆயிலில் ஈரம் சேர்ந்து, வால்வு மூடிக்கு அடியில் வெள்ளைக் கூழ் படியும். சிலிண்டரும் சீக்கிரம் தேயும். ஹீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், தாமதமான ஸ்பார்க் டைமிங். அதைப் பாருங்கள்.

25 செப்டம்பர்

ஆயில் சொட்டு பற்றி ஒரு வரி. கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வெட்டு மட்டும்தான். சும்மா நிற்கும்போது கொஞ்சம் சொட்டும். அம்பாசிடர் சொட்டவில்லை என்றால் ஆயில் இருக்கிறதா என்று டிப் ஸ்டிக்கைப் பாருங்கள்.

நிறையச் சொட்டினால் ரிங் தேய்ந்து கிராங்க் அறையில் காற்று அழுத்தம் கூடியிருக்கும், பிரீதர் குழாய் அடைபட்டிருக்கும். கிளட்ச் பிளேட் ஆயில் குடித்துவிட்டால் ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது.

2 அக்டோபர்

பிரேக்கை ஏன் விட்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான், இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம். ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் (நாலு சக்கரத்துக்கும் ஒரே ஃப்ளூயிட் பாதை) உள்ள வண்டியில் எந்த ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் பெடல் தரைக்குப் போகும், நாலும் போச்சு. நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும், ரப்பரை மட்டும் மாற்றினால் துரு ரப்பரைக் கிழிக்கும். மாஸ்டரும் நாலு சக்கரத்தின் சிலிண்டர்களும் ரப்பர் ஹோஸும் மொத்தமாகப் புதிது, ஃப்ளூயிட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரை டிரம் பூட்டும் வரை திருப்பி, சுதந்திரமாகச் சுற்றும் அளவுக்கு ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். முன் சக்கரத்தில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அட்ஜஸ்டர், ஒன்றை மட்டும் செட் பண்ணினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கொல்லிமலையின் 70 வளைவையும் இறங்குவதாக இருந்தால் இரண்டாம் கியர். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. எர்டிகாவுக்கும் பின்னால் டிரம்தான், ஆனால் முன் டிஸ்க் வெளிக்காற்றில் சூட்டைத் தள்ளிவிடும்.

5 அக்டோபர்

காகித விஷயம். 1984 வண்டிக்கு வயது 41. 50 வருஷம் தாண்டினால்தான் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு, 'விஏ' எழுத்துள்ள நம்பர். அதற்கு இன்னும் ஒன்பது வருஷம். கிடைத்தாலும் அந்த நம்பரில் தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும். ஆகவே உங்களுக்கு சாதாரண ஆர்.சி. புதுப்பிப்பு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், பசுமை வரி தனி. மூன்று வருஷம் நின்றதில் ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள், டிங்கரிங்குக்குக் காசு கொடுத்துவிட்டு அல்ல.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இரண்டுக்கும் ஒரே கட்டணம். 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை 2022-இல் வைத்த கட்டணம் 3,416 ரூபாய், மேலே வரி. அரசாங்கத்தின் கண்ணில் இரண்டும் சமம்.

பெட்ரோல் கணக்கு: ஊருக்குள் லிட்டருக்கு அம்பாசிடர் 10 கி.மீ., எர்டிகா 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்லும் 20.51 ஊருக்குள் வராது. மாதம் 1,000 கி.மீ. என்றால் 100 லிட்டருக்கு 71 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் மாதம் 2,900 ரூபாய் வித்தியாசம்.

6 அக்டோபர்

'அப்படின்னா நீங்க எர்டிகா பக்கம்.' ஆறு பேர், இரண்டு பெரியவர்கள், தினசரி ஓட்டம் என்றால் ஆமாம். பிரேக்கும் பெல்ட்டும் மட்டுமே போதும் இந்த முடிவுக்கு. அம்பாசிடரை இரண்டாவது வண்டியாக, ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் டெல்கோ திறக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருந்தால். இல்லாவிட்டால் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். பாகம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். உற்பத்தி 2014-இல் நின்றாலும் சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் அகப்படும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் மார்க் 3-க்கானதைத் தருவார்கள்.

கேள்வி கேட்டவர்: 19 அக்டோபர்

அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் குறுக்குச் சட்டத்துல உள்ள போயிடுச்சு. இடது பக்கம் 22 மி.மீ. தாழ்வா வேற இருக்கு. எர்டிகா புக் பண்ணியாச்சு. அம்பாசிடரை டிங்கரிங்குக்கு அனுப்ப இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் சும்மா நிறுத்தணும்.

19 அக்டோபர், இரவு

அளந்து பார்த்தது நல்லது தம்பி. வெல்டிங் முடிந்த பிறகுதான் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும், அதற்கு முன் டார்ஷன் பாரைத் தொடாதீர்கள்.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. டேங்க் காலியாகவே இருக்கட்டும், மூடி இறுக்கமாக. பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ். டயர் ஒரே இடத்தில் தட்டையாகாமல் இருக்க, காற்றை ஐந்து பவுண்டு கூட்டி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைச் சுற்று தள்ளிவிடுங்கள். அப்போது கிளட்ச் பெடலையும் பத்து தடவை மிதியுங்கள், பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டாது.

சைலன்சர் வாயில் ஒரு துணியை அடைத்து, அடைத்திருப்பதை ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள். எலி அதிலும் போகும்.